சிறையிற் பிறந்த கனவு: பன்யனின் ‘மோட்சப் பிரயாண’மும் இடர்க்காலத்து விசுவாசமும்

கற்பனைக் கதையைச் சமயத்தின் பகையெனக் கருதியோர் எல்லா நாடுகளிலும் இருந்துள்ளனர். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பியூரித்தானியர் அவர்களுள் முன்னணியில் நின்றோராவர். நடவாததை நடந்ததாக உரைப்பது பொய், பொய் பாவம், ஆகவே கதை பாவம் என்பது அவர்களுட் பலரது தருக்கமாகும். 1642ஆம் ஆண்டிற் பாராளுமன்றக் கட்டளையால் நாடக அரங்குகள் மூடப்பட்டமைக்குப் பின்னால் இம்மனப்பாங்கிற்கும் பங்குண்டு. அம்மரபிலேயே ஊறிய ஒருவர், கிறிஸ்தவ உலகில் மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட புனைவுகளுள் ஒன்றைத் தந்தார் என்பது இலக்கிய வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஜோன் பன்யன் (1628–1688) எழுதிய ‘மோட்சப் பிரயாணம்’ 1678இல் வெளிவந்தது. ஆசிரியர் மறைவதற்கு முன்னரே அதன் முதற்பாகம் பதினொரு பதிப்புகளைக் கண்டுவிட்டது.

துன்புற்றோர் பலர் இந்நூலால் ஊக்கம் பெற்றனர் என்பதை எவரும் மறுப்பதில்லை. அவ்வூக்கம் எங்கிருந்து பிறக்கின்றது என்பதே திறனாய்வாளன் எதிர்கொள்ள வேண்டிய வினாவாகும். நூலிலுள்ள இறையியலே அதற்குக் காரணம் எனச் சமயவாதிகள் கூறுவர். அதே இறையியலைப் பன்யன் வேறு பல நூல்களிலும் எழுதியுள்ளார். அவை இன்று ஆராய்ச்சியாளரின் மேசையில் மட்டுமே கிடக்கின்றன. ஆகவே விடையைக் கதையினுள்ளேதான் தேடுதல் வேண்டும்.

பன்யன் பெட்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள எல்ஸ்ரோ என்னும் சிற்றூரிற் பிறந்தவர். பாத்திரங்களுக்கு ஈயம் பூசி ஒட்டுப்போடும் தொழில் அவருக்குத் தந்தைவழி வந்தது. உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையிற் சிறிது காலம் பணியாற்றினார். வறுமையிலே மணம் புரிந்தபோது முதல் மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்கள் மட்டுமே. பெட்போர்ட் தெருவொன்றில், வாயிற்படியில் வெயில் காய்ந்தவாறு தம் ஆன்ம அனுபவங்களைப் பேசிக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் சிலரின் உரையாடலைச் செவிமடுத்ததே தம் வாழ்வின் திருப்பம் என அவர் தம் சுயசரிதையிற் குறிப்பிடுகின்றார். பின்னர் மார்ட்டின் லூதர் கலாத்தியர் நிருபத்துக்கு எழுதிய உரையின் பழம்பிரதியொன்று, ஒற்றை ஒற்றையாய்க் கழன்றுவிடும் நிலையில், அவர் கைக்குக் கிட்டியது. தாம் அனுபவித்த அதே கலக்கத்தை வேறொருவர் முன்னரே அனுபவித்து எழுதியிருக்கக் கண்டது அவருக்குப் பேராறுதலாயிற்று. தனிமைப்பட்ட மனத்துக்கு ஒரு நூல் எவ்வாறு துணையாகும் என்பதைப் பன்யன் எழுத்தாளராவதற்கு முன்பே வாசகராக அறிந்திருந்தார்.

அவர் இளமையில் வாசித்தவை பக்தி நூல்கள் மட்டுமல்ல. சந்தைகளில் மலிவாக விற்கப்பட்ட வீரசாகசக் கதைகளிலும் அவருக்குப் பெருமோகம் இருந்தது. அரக்கரும் கோட்டைகளும் நெடும்பயணங்களும் நிறைந்த கதைகள் அவை. (ஈழத்து வாசகருக்கு இக்கதையுலகம் முற்றிலும் அந்நியமானதன்று. திருகோணமலை இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட ‘ஊசோன் பாலந்தை கதை’ இவ்வகை ஐரோப்பியச் சாகசக் கதையொன்றின் வழிவந்ததே.) மனமாற்றத்தின் பின் பன்யன் அவ்வாசிப்பை வெறுத்து ஒதுக்கினார். ஆயினும் சிறையிலிருந்து எழுதத் தொடங்கியபோது, ஒதுக்கப்பட்ட அரக்கர் கோட்டைகளோடு திரும்பி வந்தனர். நூலின் முன்னுரைச் செய்யுளில், வேறொரு நூலை எழுதிக்கொண்டிருக்கையில் தாம் அறியாமலே இவ்வுருவகத்தினுள் வீழ்ந்துவிட்டதாக அவர் கூறுகின்றார். அச்சிடலாம் என நண்பர் சிலரும், கூடாது எனச் சிலரும் கூறியதாகவும் சொல்கின்றார். கற்பனைமீது அவர் சமூகம் கொண்டிருந்த ஐயம் அவர் உள்ளத்திலும் இருந்ததென்பதற்கு அம்முன்னுரையே சான்று.

1660இல் முடியாட்சி மீண்டது. அங்கீகாரமின்றிப் பிரசங்கித்தல் குற்றமாயிற்று. அவ்வாண்டு நவம்பரிற் பன்யன் கைது செய்யப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என ஒரு வாக்குக் கொடுத்திருப்பின் அன்றே வீடு திரும்பியிருக்கலாம். அதனைக் கொடாமையால் 1672 வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், பெட்போர்ட் சிறையிலிருந்தார். அப்போது வீட்டிலே முதல் மனைவியின் பிள்ளைகள் நால்வர், மூத்தவள் பார்வையற்றவள். இரண்டாம் மனைவி எலிசபெத், கணவர் கைதான அதிர்ச்சியிற் கருவிலிருந்த குழந்தையை இழந்தாள். அந்நிலையிலும் 1661இல் சேர் மத்தியூ ஹேல் முதலிய நீதிபதிகள் முன் தனியே நின்று கணவருக்காக வாதாடினாள். ஹேல் இரங்கினார், வழி பிறக்கவில்லை. பன்யன் சிறையில் நாடாக்களுக்கு முனை பூட்டி விற்றுக் குடும்பத்தைத் தாங்க முயன்றார். பார்வையற்ற மகளைப் பற்றிய நினைவே தம்மை யாவற்றினும் அதிகமாக வருத்தியதென எழுதியுள்ளார். கதையின் தொடக்கத்தில் கனவு காண்பவன் படுத்துறங்கும் குகைக்கு, அது சிறையே எனப் பக்க ஓரக் குறிப்பொன்று பின்னைய பதிப்பிற் சேர்க்கப்பட்டது.

இப்பின்னணியில் நூலின் மையப்பகுதியான சந்தேகக் கோட்டை நிகழ்ச்சியைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். கிறிஸ்தியானும் அவன் தோழன் நம்பிக்கையும் பாதை கரடுமுரடாயிருத்தல் கண்டு, வேலிக்கப்பாலுள்ள மென்மையான புல்வெளி வழியே செல்கின்றனர். இரவும் மழையும் வருகின்றன. அவநம்பிக்கை என்னும் அரக்கன் தன் நிலத்தில் அத்துமீறியதாக அவர்களைப் பிடித்து இருட்டறையில் அடைக்கின்றான். புதன் காலை முதல் சனி இரவுவரை அவர்களுக்கு உணவில்லை, நீரில்லை, ஒளியில்லை. அரக்கன் தடியால் அடிக்கின்றான். அடித்த பின், கத்தியோ கயிறோ நஞ்சோ கொண்டு உயிரை மாய்த்துக்கொள்ளுமாறு புத்தியும் சொல்கின்றான். கிறிஸ்தியான் அவ்வாலோசனையை ஏற்கும் நிலைக்கு வந்துவிடுகின்றான். கதைத் தலைவனை, அதுவும் சமயக் கதையின் தலைவனை, தற்கொலையின் விளிம்புவரை கொண்டுசெல்லும் துணிவு அக்காலத்துப் பக்தி எழுத்தாளரிடத்து அரிது.

நம்பிக்கை அவனைத் தடுக்கின்றான். தடுக்கும்போது அவன் கூறும் நியாயங்களே கவனிக்கத்தக்கன. கொலை கூடாது என்ற கட்டளையை நினைவூட்டியபின், அவன் பேசுபவை யாவும் அன்றாட உலகத்துச் சாத்தியங்களே: அரக்கன் இறந்துபோகலாம், ஒருநாள் கதவைப் பூட்ட மறக்கலாம், வெயில் எறிக்கும் நாட்களில் அவனுக்கு வரும் வலிப்பு மீண்டும் வரலாம். பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தவனுக்கே இது தெரியும். சிறைப்பட்டவனை ஒவ்வொரு நாளும் உயிரோடு வைத்திருப்பது பெருந்தத்துவமன்று. காவலன் கவனக்குறைவாயிருக்கக்கூடும் என்ற எண்ணம். பன்யனின் விசுவாசம் இச்சிறு சாத்தியங்களை இழிவாகக் கருதவில்லை.

சனி நள்ளிரவில் இருவரும் செபிக்கத் தொடங்குகின்றனர். விடிவதற்குச் சற்று முன், தன் மார்பிலே ‘வாக்குத்தத்தம்’ என்னும் திறவுகோல் இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகின்றது. முதல் நாளே நினைவு வராதது ஏன் என்பதற்குப் பன்யன் விளக்கம் தரவில்லை. தந்திருப்பின் கதை பிரசங்கமாகியிருக்கும். இருட்டறைக் கதவும் முற்றக் கதவும் திறக்கின்றன. வெளிப்புற இரும்புக் கதவின் பூட்டு மட்டும் எளிதில் திரும்ப மறுக்கின்றது. கதவு கிரீச்சிடும் ஓசையில் அரக்கன் விழித்தெழுகின்றான். துரத்த முற்படும் வேளையில் அவனுக்கு வலிப்பு வந்துவிடுகின்றது. இறைவாக்கே திறவுகோலாயினும் பூட்டுத் துருப்பிடித்ததுதான் என்ற இந்நுணுக்கம் உருவகத்துக்குத் தேவையற்றது. ஆனால் வாசகன் நம்புவது இதனாலேயே. தோழன் எண்ணியிருந்த அந்த அற்பச் சாத்தியமும், அதாவது வலிப்பு, இறுதியிற் பலித்துவிடுவது கவனத்துக்குரியது.

சமயம் தரும் ஆறுதல் மயக்கமருந்து என்ற விமரிசனம் நன்கறியப்பட்டது. அதனைப் பன்யன் மீதும் சுமத்தலாம், சுமத்தியும் உள்ளனர். மயக்கமருந்து வலியை மறைப்பது. இந்நூலோ வலியைப் பெயரிட்டு, அளந்து, நாட்கணக்குச் சொல்லிக் காட்டுகின்றது. அதிகாரத்தையும் அது அடையாளம் காட்டத் தவறவில்லை. மாயைச் சந்தையில் உண்மையன் விசாரிக்கப்படும் காட்சியில் நீதிபதியின் பெயர் நன்மையை வெறுப்பவன். சாட்சிகள் பொறாமை, மூடபக்தி, கோள்மூட்டி ஆகியோர். பன்யனைத் தண்டித்த சேர் ஜோன் கீலிங்கின் சாயலை இந்நீதிபதியிற் காண்போர் உளர். உலகஞானி என்னும் கனவானை இரண்டாம் பதிப்பிலே புகுத்தி, மரியாதையான சமயத்தை அவர் நகையாடியதும் நோக்கற்பாலது. வரலாற்றாசிரியர் கிறிஸ்தோபர் ஹில் 1988இல் பன்யனை அவர் காலத்து அரசியற் கொந்தளிப்பின் நடுவே நிறுத்தி எழுதிய நூல், இந்த ஈயம் பூசுபவரின் கோபத்தைத் தெளிவுபடுத்தியது.

ஆயினும் நூலின் குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. தொடக்கத்திலேயே கிறிஸ்தியான் மனைவி மக்களை விட்டு, அவர்களின் கூக்குரல் கேட்காதவாறு காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். இதனை ஆன்ம உருவகமென விளக்கிவிடலாம். எலிசபெத்தின் வரலாற்றை அறிந்தவர்க்கு அவ்விளக்கம் போதாது. குடும்பம் பட்டினி கிடக்கத் தான் கொள்கைக்காகச் சிறையிருந்த மனிதனின் ஆறாத குற்றவுணர்வு அப்பொத்திய காதுகளில் ஒலிக்கின்றது. இறுதிக் காட்சி இதனினும் கடுமையானது. பாலமற்ற மரண ஆற்றைத் தட்டுத்தடுமாறிக் கடந்த இருவரும் நகருக்குள் ஏற்கப்பட்ட பின், ஓடக்காரன் துணையோடு இலகுவாகக் கடந்துவந்த அறிவிலி கைகால் கட்டப்பட்டு நரகத்துக்கு எறியப்படுகின்றான். கோட்பாடு கதையை வென்றுவிட்ட இடம் இது. இங்கு எவரும் ஊக்கம் பெறுதல் இயலாது.

1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தைத் திறனாய்வாளர் பெரும்பாலும் முதலாவதன் நிழலாகவே கருதுவர். கலையிறுக்கம் அதிற் குறைவென்பது உண்மையே. ஆயின் முதற்பாகம் செய்த அநீதிகளுக்கு அது பரிகாரம் தேடுகின்றது. விட்டுவரப்பட்ட மனைவி இப்போது பிள்ளைகளோடு புறப்படுகின்றாள். வழியில் ஊன்றுகோலோடு நடப்பவர், மனந்தளர்ந்தவர், அச்சமுடையோர் எனப் பலர் சேர்கின்றனர், யாரும் கைவிடப்படுவதில்லை. அஞ்சுவார் என்பவரின் வரலாறு பன்யன் படைத்த மிகச் சிறந்த சித்திரங்களுள் ஒன்று. வழிமுதற் சேற்றருகே ஒரு மாதத்துக்கு மேல் அழுதுகொண்டு கிடந்தவர் அவர். தாழ்மைப் பள்ளத்தாக்கிலோ தரையைத் தழுவிப் பூக்களை முத்தமிடுகின்றார். மாயைச் சந்தையில் எல்லாரோடும் சண்டைக்கு நிற்கின்றார். தான் ஏற்கப்படுவேனா என்பதே அவர் அச்சம்; மனிதருக்கு அவர் அஞ்சவில்லை. அவர் கடக்கும் நாளில் ஆற்றுநீர் என்றுமில்லாதவாறு வற்றி, பாதம் நனையுமளவே இருந்ததாம். அறிவிலியை எறிந்த அதே கை ஆறு ஆண்டுகளின் பின் இதனை எழுதிற்று.

தமிழுக்கு இக்கனவு வந்த வழியும் இங்கு குறிப்பிடத்தக்கது. உரைநடை மொழிபெயர்ப்புகளைவிட, எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றி 1894இல் வெளிவந்த ‘இரட்சணிய யாத்திரிகம்’ புகழ்பெற்றது. திருநெல்வேலி வைணவக் குடும்பத்திற் பிறந்து, 1858இற் கிறிஸ்தவரானவர் அவர். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்களாக விரியும் அக்காவியம், கம்பன் வழிவந்த விருத்தநடையிற் பன்யனின் கதையைப் புதுப்பித்ததோடு, மூலத்தில் இல்லாத கிறிஸ்துவின் வரலாற்றையும் விரிவாகச் சேர்த்துக்கொண்டது. காவிய மரபு கம்பீரத்தைத் தந்தது. ஆனால் சேற்றின் சேற்றுத்தன்மையை அது சற்றுக் கழுவிவிட்டது என்பதை மறுக்கவியலாது. தெருவோரத் தொழிலாளியின் கொச்சை, அவையேறிய புலவரின் யாப்புக்குள் அடங்குவதற்குக் கொடுத்த விலை அது.

எனினும் கிருஷ்ணபிள்ளை பன்யனிடத்து இல்லாத ஒன்றைக் கண்டார். காவியத்தின் இடையிடையே அவர் அமைத்த தேவாரப் பாடல்களில், கதைமாந்தரின் துயர் சைவ வைணவ அடியார் பாடிய அதே நெகிழ்ச்சிக் குரலிற் கிறிஸ்துவை நோக்கி எழுகின்றது. பன்யன் அரக்கனின் அறையில் இருவரைச் செபிக்கவைத்தார். என்ன செபித்தனர் என்பதைச் சொல்லவில்லை. அந்த நள்ளிரவுக்குச் சொற்கள் தேடிய தமிழ்ப் புலவர், தாம் விட்டுவந்த சமயத்தின் பாட்டுமரபிலிருந்தே அவற்றை எடுத்துக்கொண்டார்.