ஒலி நெருக்கமும் சொல்லுறவும்: அரபு வட்டார வழக்குகளில் ஒரு துருக்கிய விகுதி

திறவுச்சொற்கள்: சொற்பிறப்பியல், அரபு வட்டார வழக்கு, பழந்துருக்கியம், ஆக்க விகுதி

சொற்பிறப்பாய்வில் இரு பிழைகள் தொடர்ந்து நேர்கின்றன. பேச்சு வழக்கின் ஒலிமாற்றத்தைச் சிதைவென ஒதுக்குவது ஒன்று. ஒலியால் நெருங்கிய வடிவங்களை நேரடி உறவுடையன எனக் கொள்வது மற்றொன்று. தொழில் செய்வோரைக் குறிக்கும் துருக்கிய விகுதியொன்று அரபு வழக்குகளில் பெற்றுள்ள வடிவங்களைக் கொண்டு இவ்விரு பிழைகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் கி.பி. 732இல் நிறுவப்பட்ட குல் தெகின் கல்வெட்டில் ‘பெதிஸ்ச்சி’ என்னும் சொல் இடம்பெறுகின்றது. ‘பெதிஸ்’ என்பது அணிவேலைப்பாடு. ‘ச்சி’ விகுதி அவ்வேலை செய்பவரைக் குறிக்கின்றது. ‘அச்சம்’ என்பதில் ஒலிக்கும் வல்லின ஒலியே இதன் பழைய ஒலி. இவ்விகுதி ஏற்ற, காப்பிக்கடைக்காரரைக் குறிக்கும் சொல் கெய்ரோவில் ‘அஹ்வகி’, டமாஸ்கஸில் ‘அஹ்வஜி’, பாக்தாதில் ‘கஹ்வச்சி’ என வழங்குகின்றது. கெய்ரோ விகுதியிலும் பாக்தாத் வடிவின் முதலிலும் உள்ளது ‘தங்கம்’ என்பதில் வரும் ககர ஒலி.

கெய்ரோ வடிவம் சிதைவன்று. ஒட்டகத்தைக் குறிக்கும் ‘ஜமல்’ என்னும் அரபுச்சொல்லும் அங்கு ‘கமல்’ என்றே ஒலிக்கின்றது. விகுதியும் அதே நெறிக்கு உட்பட்டது. அரபு வேரினதாகிய ‘மக்வா’ (இஸ்திரிப்பெட்டி) இவ்விகுதியை ஏற்று, துணி தேய்ப்பவரைக் குறிக்கும் ‘மக்வகி’ ஆகியுள்ளது. கடன்விகுதி அவ்வழக்கின் ஆக்க விகுதியாகவே நிலைபெற்றமைக்கு இது சான்று.

பாக்தாத் வடிவமோ கல்வெட்டின் ஒலியோடு ஒத்திருக்கின்றது. எனவே அதுவே தொன்மையானது என முடிவுசெய்யத் தோன்றும். அம்முடிவு ஏற்புடையதன்று. இஸ்தான்புல் துருக்கியம் உயிருக்குப்பின் இவ்விகுதியை ‘ஜி’ என ஒலிக்க, அஸெரி மொழி எல்லா இடத்தும் ‘ச்சி’ என்றே ஒலிக்கின்றது. மேலும், நாயைக் குறிக்கும் ‘கல்ப்’ என்பது ஈராக்கிய வழக்கில் வல்லினச் சகரத்தை முதலாகக் கொண்டு ஒலிப்பதால், அவ்வொலி அங்குப் புதியதுமன்று. ஆகவே அண்டைத் துருக்கிய வழக்கின் தொடர்பும் உள்ளூர் ஒலியமைப்பும் ‘ச்சி’ நிலைபெறத் துணைநின்றன எனக் கொள்வதே பொருத்தம்.

தமிழக நீதிமன்றங்களில் இன்றும் வழங்கும் ‘மசால்ஜி’ என்னும் பணிப்பெயர் தீவட்டியைக் குறிக்கும் அரபுச்சொல்லும் இத்துருக்கிய விகுதியும் இணைந்து, பாரசீக வழியில் வந்ததாகும். இதன் ஈற்றை ‘காந்திஜி’ என்பதன் ‘ஜி’யாகக் கருதினால் வரலாறு பிழைபடும். ஒலி ஒப்புமை ஆய்வின் தொடக்கமே. ஒலிநெறியும் கடன்வழியும் அதனை உறுதிசெய்தல் வேண்டும்.