பனித்தள வர்ணனை மரபும் பாப் கோலும்

ஐஸ் ஹாக்கி வர்ணனையாளருக்கு மூச்சுவிட நேரமில்லை. 'பக்' எனப்படும் கறுப்பு ரப்பர் வில்லை கண்மூடித் திறப்பதற்குள் தளத்தின் மறுமுனைக்குப் போய்விடும். ஆட்டம் நிற்காமலே ஆட்டக்காரர்கள் மாறிக்கொண்டிருப்பார்கள். கனடாவில் இந்தக் கலை ஒரு நூற்றாண்டாக, ஏறத்தாழ குரு–சீட முறையில் வளர்ந்து வந்திருக்கிறது.

ஃபாஸ்டர் ஹூவிட் இதன் மூலவர். டொரண்டோவில் 1923-இல் தொடங்கினார். 1931-இல் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம் எழுந்தபோது, தமது வர்ணனைக் கூண்டு எந்த உயரத்தில் அமைய வேண்டும் என்று பார்க்க ஓர் உயர்ந்த கட்டடத்தின் மாடிகளில் நின்று தெருவில் நடப்பவர்களைக் கவனித்தார். ஐந்தாம் மாடி சரியாகப் பட்டது. கூண்டு தளத்துக்கு மேலே 56 அடியில் தொங்கியது. பக் யாரிடம், எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பிசகாமல் சொல்வதே அவர் பாணி.

மாண்ட்ரியலின் டேனி கேலிவன் வழி வேறு. அது சொல்லாட்சியின் வழி. 1952 முதல் 1984 வரை கனேடியன்ஸ் அணியின் ஆங்கிலக் குரல் அவர். அந்த அணி வீரர் செர்ஜ் சவார்ட் சுழன்று எதிராளியைக் கடக்கும் லாவகத்தை அவர் 'ஸ்பின்னராமா' என்றார்; அந்தப் பெயர் இன்றும் ஆட்டத்தில் வழங்குகிறது. அதே 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்த ரெனே லெகவாலியே, பிரெஞ்சு வர்ணனைக்குச் செம்மையான நடை ஒன்றை அமைத்துத் தந்தார்.

இவர்கள் எல்லாரையும்விட என் மனத்துக்கு நெருக்கமானவர் பாப் கோல். 1933-இல் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் பிறந்தவர். 1956-இல் தம் குரல் பதிந்த நாடாவை எடுத்துக்கொண்டு, முன்னறிவிப்பின்றி ஹூவிட்டின் வானொலி நிலையத்துக்கே போய் நின்றார். ஹூவிட் நாடாவைக் கேட்டார், உட்காரவைத்துப் பேசினார். குரலுக்குப் படிகள் வேண்டும், ஆட்டத்தின் ஓட்டத்தோடு அது ஏறி இறங்க வேண்டும் என்பதே அங்கே கிடைத்த பாடம். எடுத்த எடுப்பிலேயே தாரஸ்தாயியில் நிற்கும் பாடகருக்கு மேலே போக இடமேது?

அந்தப் பாடம் பலித்த இடம் 1976 ஜனவரி 11, ஃபிலடெல்ஃபியா. ஃப்ளையர்ஸ் அணியின் எட் வான் இம்ப், சோவியத் வீரர் கார்லமோவை அடித்து வீழ்த்தினார். கொதித்துப்போன சோவியத் அணி தளத்தைவிட்டு வெளியேறியது. பாப் கோல் விளக்கவுரை எதுவும் ஆற்றவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள் என்ற ஒரே சிறு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். திகைப்பு முழுவதும் அந்தக் குரலில் இருந்தது. பிறகு சோவியத் அணி திரும்பி வந்து, 4–1 என்று தோற்றது.

1980 முதல் பல்லாண்டுகள் 'ஹாக்கி நைட் இன் கனடா' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முதன்மைக் குரலாக பாப் கோல் இருந்தார். 2002-இல் சால்ட் லேக் சிட்டியில், 50 ஆண்டு இடைவெளிக்குப் பின் கனடா ஆடவர் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஆட்டத்தைச் சொன்னவரும் அவரே. புள்ளிவிவரங்களை அடுக்கி இடைவெளியை நிரப்பும் பழக்கம் அவரிடம் இல்லை. அரங்கத்தின் ஆரவாரத்தைப் பேசவிட்டார்.

மரபு இன்று விரிந்திருக்கிறது. அமெரிக்காவின் மைக் எம்ரிக் பக்கின் ஒவ்வோர் அசைவுக்கும் புதிய வினைச்சொல் தேடினார். ஹர்நாராயண் சிங் 2008 முதல் பஞ்சாபியில் வர்ணித்துப் புதிய குடும்பங்களை ஆட்டத்துக்குள் அழைத்து வந்தார். ஆனால் சாதாரண பாஸுக்கே உச்சக் குரலில் அலறுபவர்களும் பெருகிவிட்டார்கள். ஆபத்து எவ்வளவு அருகில் வந்துவிட்டது என்பதைக் குரலின் ஏற்றத்திலேயே உணர்த்துபவரே தேர்ந்த வர்ணனையாளர். அந்த அளவுகோலில் பாப் கோலுக்கு மேலே நான் ஒருவரையும் வைக்கமாட்டேன். 2019 ஏப்ரல் 6-இல் மாண்ட்ரியலில் கடைசி ஆட்டத்தைச் சொன்ன அவர், 2024 ஏப்ரலில் தமது 90-ஆம் வயதில் செயின்ட் ஜான்ஸில் மறைந்தார்.