இல்லாத புத்தகத்துக்கு என்ன விலை?

"மின்னூல் விலையைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும், ஐயா" என்றார் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் வசிக்கும் நண்பர். எழுபத்தைந்து பிராயம். பார்வை மங்கிவிட்டது, அச்செழுத்து அவருக்கு எறும்பு வரிசைதான். எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்ளலாம் என்பதற்காகவே மின்னூலுக்கு வந்தவர்.

முதலில் 'பொன்னியின் செல்வ'னைத் தேடினார். கல்கியின் எழுத்து நாட்டுடைமை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் ஐந்து பாகங்களும் காசில்லாமலே கிடைக்கின்றன. அதையே பலர் பல விலைக்கு விற்கவும் செய்கிறார்கள். பிழை திருத்தி, அழகாக அமைத்துத் தந்தவர் கூலி கேட்பதில் தவறில்லை. பிழையோடு அப்படியே அள்ளி வந்து விலை போடுகிறவரைப் பற்றி என்ன சொல்ல!

அடுத்தவர் சுஜாதா. ஸ்ரீரங்கத்துக்காரர், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். 2008-ல் காலமானார், ஆகவே பதிப்புரிமை 2068 முடியும் வரை உண்டு. விலை கொடுத்துத்தான் படிக்க வேண்டும். நண்பர் முணுமுணுக்காமல் கொடுத்தார்.

கடைக்குக் கடை சரக்கு வேறுபடுவதற்கும் காரணம் இருக்கிறது. தானே வெளியிடும் எழுத்தாளருக்கு, இந்திய விற்பனையில் 70 சதவீதம் தர அமேஸான் ஒரு நிபந்தனை வைக்கிறது: மின்னூலை வேறெங்கும் விற்கக் கூடாது. மறுத்தால் 35தான். எழுத்தாளன் எதைத் தேர்ந்தெடுப்பான்? என்னையே கேட்டால் பதில் சொல்ல வெட்கமாக இருக்கும்.

வரியிலும் ஒரு வேடிக்கை. அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. மின்னூலுக்கு 2018-ல் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் அதற்கு அச்சுப் பிரதி ஒன்று இருந்தாக வேண்டும்! ஸ்தூல சரீரம் இல்லாத வெறும் ஆத்மாவுக்குச் சலுகை கிடையாது.

இதெல்லாம் போகட்டும். நண்பர் மூன்றாவதாகத் தேடியது, இளமையில் அவர் உருகிப் படித்த ஒரு தொடர்கதை. ஆசிரியர் மறைந்து முப்பது வருஷம் ஆகிறது. நாட்டுடைமையாகவில்லை, இலவசமாகப் போட வழியில்லை. உரிமை யாரிடம் என்று பதிப்பகத்துக்கே தெரியவில்லை, விற்கவும் வழியில்லை. ஆயிரம் ரூபாய் தரத் தயாராக இருந்தார். வாங்கிக் கொள்ள ஆளில்லை. நூறா, இருநூறா என்று நாம் சண்டை போடுவது கிடைக்கிற புத்தகங்களைப் பற்றி மட்டுமே.

பேத்திதான் திருச்சியில் யாரிடமோ பழைய பைண்டுப் பிரதியை இரவல் வாங்கி வந்திருக்கிறாள். விளக்கு வைத்ததும் தாத்தாவுக்கு உரக்கப் படிக்கிறாள். பன்னிரண்டாம் அத்தியாயம் நடக்கிறதாம்.