பருத்தி வித்துக் களஞ்சியமும் அதன் குறைகளும்

ஹைதராபாத்தை அடுத்த பட்டாஞ்செரு சென்றால், 1972-இல் நிறுவப்பெற்ற சர்வதேசப் பயிராராய்ச்சி நிலையத்தில் சோளம், கம்பு, துவரை, நிலக்கடலை முதலியவற்றின் வித்துகள் பல தேசங்களிலிருந்து திரட்டிக் காக்கப்படுவதைக் காணலாம். ஆனால் தெலங்கானாக் கரிசலில் பெரும்பகுதியை ஆண்டுவரும் பருத்திக்கு அக்களஞ்சியத்தில் இடமில்லை. அதன் பரம்பரைச் செல்வத்தைக் காக்கும் கடமை நாகபுரியின் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தையும் தில்லியின் தேசிய மரபணு வங்கியையும் சார்ந்தது.

உலகில் சாகுபடிக்குரிய பருத்தி இனங்கள் நான்கே. நான்கையும் விளைவிக்கும் பாக்கியம் நம் தேசத்திற்கு உண்டு. 1947-இல் பருத்தி நிலத்தில் ஏறத்தாழ 97 விழுக்காடு, கோவில்பட்டிச் சீமையின் கருங்கண்ணி, ஹைதராபாத் சமஸ்தானத்து நாந்தேட்டின் கௌரானி போன்ற நாட்டுப் பருத்திகளுக்கே உரியதாயிருந்தது. இன்றோ 90 விழுக்காட்டுக்கு மேல் அமெரிக்க இனத்து பி.டி. கலப்பினங்கள்; விதைக்கடையில் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், அவற்றின் பூர்வீகமோ மிகக் குறுகியது. பூச்சியைக் கொல்ல அவை பெரும்பாலும் நம்பி நின்ற இரண்டே நச்சு மரபணுக்களை, 2015-ஐ ஒட்டிக் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு வென்றுவிட்டது. பஞ்சாபில் அமெரிக்கப் பருத்தியை வாட்டிய இலைச்சுருள் நோயோ நாட்டுப் பருத்தியைத் தீண்டுவதில்லை. வயலில் மறைந்ததைக் கிடங்கிலேனும் காத்தவர்களுக்கு நாம் நன்றியுடையவர்களே.

ஆயினும் வித்தைச் சுழியத்துக்குக் கீழே 18 பாகையில் வைத்துவிட்டால் காரியம் முடிந்துவிடுவதில்லை. குளிரிலும் முளைப்புத் திறன் மெல்லக் குறைவதால், இடையிடையே விதைத்துப் புதுப்பிக்க வேண்டும்; அங்கேதான் சங்கடம். பருத்திப் பூவில் தேனீ புகுந்தால் அயல் மகரந்தம் கலந்துவிடும் ஆதலின், மறுநாள் மலரவிருக்கும் மொட்டின் நுனியை முதல்நாள் மாலையே நூலால் கட்டி, காம்பில் அடையாளம் மாட்டி, அது தன் மகரந்தத்தையே ஏற்றுக் காய்க்கும்படி செய்கிறார்கள். ஆயிரக்கணக்கான ரகங்களுக்கு இப்படி விரல் நோகக் கட்டுவது சுலபமன்று. சிறு பாத்தியில் சில செடிகளே வளர்வதால், அபூர்வ குணங்கள் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் நழுவக்கூடும். மாறிவரும் பூச்சிக்கும் வெயிலுக்கும் தக்கபடி வயலில் பயிர் தானே அடையும் பரிணாமமும் கிடங்கில் நின்றுபோகிறது.

இவற்றினும் பெரிய தோஷம், சேகரித்தது பயன்படாமை என்பேன். 26 குரோமோசோம் கொண்ட கருங்கண்ணியை 52 கொண்ட அமெரிக்கப் பருத்தியோடு கலப்புச் செய்தால் பிறப்பது மலடு; கால்சிசின் என்னும் ரசாயனத்தால் குரோமோசோமை இரட்டித்து, நல்ல நாருள்ள தாயோடு மீண்டும் மீண்டும் சேர்த்தாலன்றிப் பயன் கிட்டாது. அத்தனை ஆண்டுகள் காத்திருக்க, விரைந்து பெயர் பெற விரும்பும் பயிர் ஆராய்ச்சியாளருக்கும் அடுத்த பருவத்துச் சந்தையை நோக்கும் கம்பெனிக்கும் பொறுமை ஏது?

ஸ்ரீகாகுளம் மாவட்டத்துப் பொந்தூரில் வேறொரு வழி கண்ணுக்குத் தெரிகிறது. வாலுகை மீனின் தாடையெலும்பால் நாட்டுப் பஞ்சைச் சீவி நூற்கும் அவ்வூர்க் கதர்த்தொழில், அந்தப் பருத்தியை வயலிலேயே வாழவைத்திருக்கிறது. அங்கே விற்கும் கதரின் அளவோ சிறிதே. எனவே இது களஞ்சியத்திற்கு மாற்றாகாது. ஆனால் நீரை நன்கு உறிஞ்சும் நாட்டுப் பஞ்சு மருத்துவப் பஞ்சுக்கு உகந்ததாகையால், ஆஸ்பத்திரிகளுக்கு அதை வாங்கும் சர்க்கார், கரிசல் உழவரிடம் நேரே ஒப்பந்தம் செய்துகொள்ளட்டும். களஞ்சியத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, முடிவு தெரியப் பல்லாண்டு ஆகும் கலப்புப் பணிக்கென்றே தனியே ஒதுக்கட்டும்.