மக்ரீஸியின் கிதத்தும் நம் திருவொற்றியூரும்

அரபு இலக்கியத்தில் ‘கிதத்’ என்றொரு நூல்வகை உண்டு. எகிப்தில் ஃபுஸ்தாத் நகரம் அமைந்த காலத்தில் ஒவ்வொரு குலத்தாருக்கும் எல்லை குறித்து ஒதுக்கப்பட்ட நிலத்திற்கு ‘கித்தா’ என்று பெயர். அதன் பன்மையே கிதத். பின்னாளில் ஒரு நகரின் தெருக்கள், அங்காடிகள், பள்ளிவாசல்கள், குளியல் மனைகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து எழுதும் நூலுக்கே அது பெயராயிற்று. கதீப் அல்பக்தாதி பக்தாதின் அறிஞர்களைப் பற்றிய தம் பெருநூலைத் தொடங்குமுன் அந்நகரின் பகுதிகளையும் கால்வாய்களையும் விவரிப்பது இந்த மனப்பாங்கினால்தான். அறிஞர் வாழ்ந்த தெருவை அறியாமல் அறிஞரை அறிய முடியாது என்று அவர் கருதினார் போலும்.

இவ்வகையின் சிகரம் கெய்ரோவைப் பற்றி அல்லாமா மக்ரீஸி (ஹி. 766–845, கி.பி. 1364–1442) எழுதிய ‘அல் மவாயிழ் வல் இஃதிபார்’. அவர் அந்நகரில் பிறந்தவர். அங்கே முஹ்தஸிபாக, அதாவது அங்காடிக் கண்காணிப்பாளராக, பணியாற்றியவர். நிறைகல்லையும் விலையையும் சோதித்த மனிதர் எழுதிய நூல் அது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். மெழுகுவர்த்தி விற்போர் அங்காடியை அவர் விவரிக்கும் பகுதி புகழ்பெற்றது. நள்ளிரவுவரை திறந்திருந்த கடைகளையும், ரமளானில் அங்கே பெரிய மெழுகுவர்த்திகள் விலைபோனதையும், மக்கள் கூடியதையும் சொல்கிறார். உடனே, ஹிஜ்ரி 806-ஆம் ஆண்டில் தொடங்கிய பஞ்சத்திற்கும் பொருளாதாரச் சீர்குலைவிற்கும் பிறகு விரல்விட்டு எண்ணத்தக்க கடைகளே எஞ்சியதையும் சொல்கிறார். இருந்ததும் இழந்ததும் ஒரே மூச்சில் வருகின்றன.

சென்னையைப் பற்றி இன்று பெருகியுள்ள ஊர்காண் எழுத்துகளை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே நம் நோக்கம். சென்னை முழுவதையும் எடுத்துக்கொண்டால் கட்டுரை அடங்காது. ஆகவே வடகோடியிலுள்ள திருவொற்றியூரை மட்டும் கொள்வோம்.

சென்னையைக் கண்டறியும் ஆர்வத்தைப் பரவலாக்கிய பெருமை எஸ். முத்தையாவுக்கு உரியது. 1981-இல் வெளிவந்து, பதிப்புக்குப் பதிப்பு விரிந்த அவரது நூலும், 2004-இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய சென்னை நாள் கொண்டாட்டமும் இல்லையேல் நகர நடைகள் இத்தனை நடந்திரா. ஆனால் அந்த நாள் 1639 ஆகஸ்ட் 22-ஐக் கணக்கு வைப்பது. கும்பெனியார் நிலம் பெற்ற நாளிலிருந்து நகரை எண்ணுவது. இராசேந்திர சோழன் காலத்திலேயே கற்றளி எழுந்த திருவொற்றியூர் அக்கணக்கில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஊராகிவிடுகிறது. தாவூத் கான் நவாபிடமிருந்து 1708-இல் கும்பெனியார் பெற்ற ஐந்து ஊர்களில் அது ஒன்று என்பதே அதற்குரிய அறிமுகமாகிறது. பிறகு வழிகாட்டி நூல்கள் தியாகராசர் கோயிலையும் பட்டினத்தார் சமாதியையும் காட்டி, அரை நாளில் முடித்து, வாசகரை மெரினாவுக்கு அழைத்துப் போய்விடுகின்றன.

இங்கேதான் நம் முதல் குறை எழுகிறது. மெரினாவின் அகலத்தை வியக்காத வழிகாட்டி இல்லை. அந்த அகலம் எங்கிருந்து வந்தது என்பதை எழுதுவோர் மிகச் சிலரே. இக்கடற்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, மணல் அவற்றின் தெற்கே தேங்கியது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. தெற்கே விரிந்த மணலுக்கு மெரினா என்று 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் பெயரிட்டார். இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் ஊருக்குள் ஏறியது. கருங்கல்லைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. சுற்றுலாக் கையேடு ஒரு கடற்கரையைப் புகழ்ந்து மற்றதை விட்டுவிடும்போது, ஒரே நிகழ்ச்சியின் பாதியை மட்டும் சொல்கிறது. மக்ரீஸி இதை இரண்டு பாதியாகவும் எழுதியிருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை.

கோயில் இலக்கியமாவது தெருவைக் காட்டுகிறதா? தியாகையர் இங்கே திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். இராமலிங்க அடிகள் வடிவுடை மாணிக்க மாலை செய்தார். இவை கருவறையை நோக்கிய பாடல்கள்; அவற்றில் அங்காடியைத் தேடுவது முறையன்று. ஆனால் சேக்கிழார் வேறு. பெரியபுராணத்தில் கலியநாயனார் வரலாறு திருவொற்றியூரின் எண்ணெய் வணிகர் வாழ்ந்த சக்கரப்பாடித் தெருவில் நடக்கிறது. செல்வராய் இருந்து விளக்கேற்றியவர் பொருளிழந்து, உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலி பெறுபவராகிறார். பிறகு பிறர் செக்கை ஓட்டும் கூலியாள். பிறகு, வேலை செய்வோர் பெருகிவிட்டதால் அந்தக் கூலியும் கிடைக்காதவர். சைவர் இதைப் பக்தியின் எல்லையாகப் படிப்பர். அது அவர்கள் உரிமை. ஓர் ஊரின் தொழில், அதன் படிநிலை, வேலையின்மை ஆகிய மூன்றையும் ஒரு தெருவில் வைத்துச் சொன்ன எழுத்து என்ற வகையில், அண்மைக்கால வழிகாட்டிகள் அனைத்தையும்விட இதுவே கிதத் மரபிற்கு நெருங்கியது என்பது நம் தீர்ப்பு.

இக்கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபமும் அதற்கு நிலமானியமும் இருந்தன. மூன்றாம் குலோத்துங்கன் காலக் கல்வெட்டு அதைச் சொல்லுகிறது. நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்துக் காலங்கழிக்கும் நம் போன்றோர்க்கு, கோபுரத்தைவிட அந்த மண்டபத்தின்மேல் ஆவல் மிகுவது இயல்பே.

ஊர்ப்பெயர்களிலும் கவனம் தேவை. காலடிப்பேட்டை என்ற பெயரைக் கேட்டவர் யாருடைய திருவடியையோ எண்ணுவர். 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட் பேட்டை மருவிக் காலடிப்பேட்டை ஆயிற்று. நம்மவரும் இத்தகைய பிழைக்கு விலக்கல்லர். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, இராயபுரத்தில் வாழ்ந்து அங்கேயே அடங்கியவர். தொண்டியார் வாழ்ந்ததால் தொண்டியார்பேட்டை, அதுவே தண்டையார்பேட்டை என்று நம் மேடைகளிலும் மலர்களிலும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கும்பெனியார் 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு பெற்ற ஊர்களிலேயே தண்டையார்பேட்டை இருக்கிறது. அப்போது மஸ்தான் சாகிபு பிறக்க இன்னும் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் இருந்தன. அறிவிப்பாளரின் பிறப்பு, இறப்பு ஆண்டுகளை ஒப்பிட்டு ஹதீஸைச் சோதித்த முஹத்திஸ்களின் வழிவந்தோர் இதைச் சோதிக்காமல் விடுவது அழகன்று. திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் போன்ற பெரும்புலவர் நான்மணிமாலை பாடிப் போற்றிய ஒருவருக்கு, ஒரு பேட்டையின் பெயரை இரவல் வாங்கித் தர வேண்டிய தேவையும் இல்லை.

கடைகளையும் உணவையும் பற்றிய எழுத்துகள் இப்போது மிகுதி. அவற்றில் அடிக்கடி வரும் தொடர், ‘வடசென்னையில் ஒளிந்திருக்கும் கடை’ என்பது. யாரிடமிருந்து ஒளிந்திருக்கிறது? ஆலை முறை மாறும் நேரத்தில் அங்கே நின்று உண்பவருக்கு அது ஒளிந்திருக்கவில்லை. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் கொண்டுவந்த அத்தோவும் மொய்ங்காவும் கடற்கரை ரயில் நிலையப் பக்கத் தெருக்களிலும் வியாசர்பாடியிலும் தள்ளுவண்டி உணவாயின. சுவையை வருணிப்போர், 1960-களில் ரங்கூனின் கடைகள் அரசுடைமையாகி, எல்லாவற்றையும் விட்டுக் கப்பலேறிய மக்களின் பிழைப்பு அது என்பதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எண்ணூரில் பர்மா நகர் என்றே ஒரு குடியிருப்பு உண்டு. பேச்சையும் இவர்கள் வேடிக்கையாகவே பதிவு செய்கின்றனர். நாஷ்டா, பேஜார், மஜா என்பன பாரசீகத்திலிருந்தும், பாக்கி, வசூல், ஆஜர் என்பன அரபியிலிருந்தும் வந்தவை. கணக்குப்பிள்ளையும் தொழிலாளியும் நாள்தோறும் புழங்கிய இச்சொற்களைக் கொச்சை என்று ஒதுக்குவோர் அகராதியைத் திறந்து பார்ப்பது நலம்.

திரைப்படங்கள் இதற்கு மாற்றாகுமா? வெற்றிமாறனின் ‘வடசென்னை’ (2018) கடற்கரை நிலம் யாருக்கு என்ற சரியான கேள்வியைக் கதையின் நடுவில் வைத்தது; ஆயினும் அதன் தெருக்கள் கத்திக்குத்து நிகழும் இடங்களாகவே நினைவில் நிற்கின்றன. ஒரு நாள் பிழைப்பு எப்படி நடக்கிறது என்பது விரைந்து மறைகிறது. 2017-இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூர் கழிமுகத்தில் நின்று பாடிய புறம்போக்குப் பாடல் இன்னொரு வகையில் முக்கியமானது. வருவாய்த்துறைச் சொல்லொன்று வசையாகிப்போனதை அது கேள்விக்குள்ளாக்கியது. பொதுவில் இருந்த கழிமுகம் ஏட்டில் வெற்றிடமாகத் தோன்றியதால்தான் அங்கே சாம்பலைக் கொட்ட முடிந்தது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும், 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் செய்தியாளர் வந்தனர், எழுதினர், போயினர். அங்கே முன்பு எந்த மீன் எந்தப் பருவத்தில் கிடைத்தது, யார் கூடையில் ஏறியது என்ற பதிவு ஏற்கெனவே இருந்திருந்தால் இழப்பீட்டு வழக்குகளில் மீனவர்க்கு அதுவே சாட்சியாயிருக்கும். ஊரைப் பற்றிய எழுத்து பொழுதுபோக்கு அன்று என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

எழுதுவதற்கோ செய்தி குவிந்து கிடக்கிறது. மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகை திருவொற்றியூரில்தான் இருந்தது; எம்.ஆர்.எஃப். அங்கிருந்து வளர்ந்தது. புல்லட் மோட்டார் சைக்கிள் 1950-களின் நடுவிலிருந்து இங்கே உருவானது. தீப்பெட்டி ஆலையின் பெயரே விம்கோ நகர் ஆயிற்று. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் அதுவரை நீண்டது. 1970-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நின்றது. கலியநாயனாரின் எண்ணெய் விளக்கிலிருந்து தீக்குச்சிக்கும், அதிலிருந்து மின்சாரத்துக்கும், நகருக்கு ஒளி தருவதையே தொழிலாகக் கொண்ட கடற்கரை இது.

சென்னையின் அரபுக் கல்லூரிகளில் மக்ரீஸியின் பெயர் தெரிந்த மாணவர் பலர் உள்ளனர். அவர்களுள் இருவர் தேரடியிலிருந்து காலடிப்பேட்டை வரை ஒரு சாலையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கடைக்கும் என்ன வணிகம், எத்தனை ஆண்டு, அதற்குமுன் அங்கே என்ன இருந்தது என்று கேட்டு எழுதலாம். ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து வேலைக்குப் போன முதியவர்கள் அத்தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். தேநீர்க் கடை வாசலில் அவர்களைக் காணலாம், அஸருக்குப் பிறகு.