சிறார் இதய அறுவையில் டெல் நிடோ கரைசல்

திறந்த இதய அறுவையில் பெருந்தமனியில் கவ்வி போட்டதுமே இதயத் தசைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடுகிறது. அந்த நேரத்தைத் தசை தாங்க, பொட்டாசியம் கலந்த குளிர்ந்த கார்டியோப்ளீஜியா கரைசலைச் செலுத்தித் துடிப்பை நிறுத்துகிறார்கள். 1955-இல் மெல்ரோஸ் என்ற மருத்துவர் இதற்குப் பொட்டாசியம் சிட்ரேட்டைப் பயன்படுத்தினார். செறிவு மிகுந்து தசையே கெட்டதால் அது கைவிடப்பட்டது. 1970-களில் வந்த லண்டன் செயின்ட் தாமஸ் கரைசல் மென்மையானது. ஆனால் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடியும் செலுத்தியாக வேண்டும்.

பெத்ரோ டெல் நிடோ குழுவினர் 1990-களில் பிட்ஸ்பர்க்கில் உருவாக்கிய கரைசல் குழந்தையின் தசையை மனத்தில் வைத்துச் செய்தது. முதிராத தசையால் கால்சியத்தைச் சரியாகக் கையாள முடியாது. செல்லுக்குள் அது பெருகினால் கேடு. கரைசலிலுள்ள லிடோகெயின் சோடியம் வழிகளை அடைக்கிறது, மெக்னீசியம் கால்சியத்தைத் தடுக்கிறது. எடையில் கிலோவுக்கு 20 மில்லி, ஒரே டோஸ். ஏறத்தாழ 90 நிமிடம் தாங்கும். கரோனரித் தமனிகளையே வெட்டி இடம் மாற்றும் அறுவைகளில், கையை எடுக்காமல் வேலை செய்ய முடிவது பெரிய வரம்.

கொஞ்சம் குறைகளும் உண்டு. நான்கு பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு ரத்தம் என்பதால் ரத்தம் நீர்த்துப்போகிறது. ஏற்கெனவே ரத்தசோகையுள்ள குழந்தைக்கு இது சுமை. மூலக் கலவைக்கு அடிப்படையான பிளாஸ்மாலைட்-ஏ திரவத்தில் கால்சியம் இல்லை. இந்தியாவில் பல இடங்களில் அதற்குப் பதிலாகச் சேர்க்கும் ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் உண்டு. பழைய முறையோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை; உயிரிழப்பில் தெளிவான வேறுபாட்டை அவை நிறுவவில்லை.

பெரிய சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் அறுவைக்காகக் கோவைக்கோ வேலூருக்கோ சென்னைக்கோ போகிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் செலவை ஏற்றாலும், நோயே தாமதமாகத் தெரிந்தால் காலம் கடந்துவிடுகிறது. ஃபாலட் நான்மை என்ற பிறவி இதயக் குறையோடு ஆண்டுக்கணக்கில் நீலம் பாரித்துக் கிடந்த இதயத்தில் வலது கீழறை தடித்திருக்கும். நுரையீரலுக்குப் பக்கக் குழாய்கள் முளைத்திருக்கும். அவ்வழியே இதயத்துக்குள் திரும்பும் வெதுவெதுப்பான ரத்தம் தசையைச் சூடாக்குகிறது, செலுத்திய கரைசலையும் கழுவிவிடுகிறது. இங்கே 90 நிமிடக் கணக்கை நம்பக் கூடாது. மின்துடிப்பு தலைகாட்டினால் கடிகாரத்தைப் பாராமல் மறுடோஸ் கொடுக்க வேண்டும்.

ஆகவே சீக்கிரம் வந்த கைக்குழந்தைக்கு ஒற்றை டோஸ் நல்ல முறை. தாமதமாக வந்த நீலக் குழந்தைக்கு அது மட்டும் போதாது. எடப்பாடியிலோ கொல்லிமலையிலோ பிறக்கும் குழந்தைக்கும், ஒரு நாள் கழிந்ததும் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவைப் பார்த்துவிடுங்கள். 95 விழுக்காட்டுக்குக் குறைந்தால் விடாமல் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.