வாசிக் காசும் வல்வில் ஓரியும்

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்பர் நம் மக்கள். மழை பொய்த்து, பயிர் கருகி, பானை கவிழ்ந்து கிடக்கும் நாளிலோ, அதே வாய் வேறொன்றைக் கூறும்: "ஆண்டவன் சோதிக்கிறான்!" ஊற்றினால் அருள், ஊற்றாவிட்டால் சோதனை. எப்படிப் பார்ப்பினும் ஆண்டவன்மீது பழி இல்லை, பசித்தவன்மீதுதான் ஐயம்! இந்த நியாயத்தை மக்கள் நெஞ்சில் நட்டவை புராணங்கள். அவற்றை உரசிப் பார்க்க நமக்கொரு உரைகல் வேண்டும். அது கொல்லிமலையில் கிடைக்கிறது.

இன்று நாமக்கல் மாவட்டத்திலுள்ள அம்மலையில் அறப்பளீசுவரர் கோயில் உண்டு. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையும் உண்டு. சிவன் அடியார்க்கு அளித்தான் என்கிறது பெரியபுராணம். ஓரி இரவலர்க்கு அளித்தான் என்கிறது புறநானூறு. இரு கொடைகளையும் ஒரே தராசில் இட்டு நிறுப்போம்.

புறநானூற்றின் 152, 153ஆம் பாடல்கள் வன்பரணர் பாடியவை. காட்டு வழியே வாடி வந்த பாணர் கூட்டம் வேட்டுவன் ஒருவனைக் காண்கிறது. அவன் ஊனும் தேறலும் தந்து, பொன்னும் மணியும் ஈகிறான். தன் புகழ் கேட்டு நாணுகிறான். அவன்தான் ஓரி. அடுத்த பாடலில், அவனிடம் மாலையும் அணியும் யானையும் பெற்ற கூத்தர்கள், பசி அடியோடு தீர்ந்தமையால் ஆடவும் மறந்தார்கள், பாடவும் மறந்தார்கள் என்கிறார் புலவர். அதை அவர் நன்றிகெட்ட செயலென இகழவில்லை. கொடையின் நிறைவெனப் போற்றுகிறார்!

இனி 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்துக்கு வருவோம். நாட்டில் பஞ்சம். திருவீழிமிழலையில் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் தங்கியிருக்கின்றனர். இறைவன் நாள்தோறும் இருவருக்கும் ஒவ்வொரு காசு வைக்கிறான். அரசர் பெற்றது நல்ல காசு. சம்பந்தர் பெற்றது வாசிக் காசு, அதாவது கடைக்காரர் வட்டம் கழித்துக்கொண்டே ஏற்கும் மட்டக் காசு. அரசர் கையால் தொண்டு செய்தாராம். அதனால் அவர் காசில் குறையில்லையாம். சம்பந்தர் பதிகம் பாடிய பிறகே அவருக்கும் நல்ல காசு வந்ததாம்!

ஓரியிடம் உண்டவர் பாட மறந்தனர். மிழலையிலோ பாடினாலன்றி முழுக் காசு இல்லை. எது கொடை? எது கூலி?

இன்னொன்றும் கேட்கிறோம். அந்தக் காசை என்ன செய்தனர்? கடைவீதிக்கு அனுப்பிப் பண்டம் வாங்கினர், சோறு சமைத்தனர். ஆகவே பஞ்ச காலத்திலும் கடையில் அரிசி இருந்தது! மக்கள் கையில்தான் காசு இல்லை. 1876-78இல் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரைக் கொன்றபோதும் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது. பஞ்சம் வானம் மட்டும் செய்வதன்று, வாணிகமும் ஆட்சியும் சேர்ந்து செய்வது என்ற உண்மை புராணத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. படிக்காசின் பளபளப்பு அதைக் காணவிடாமல் கண்ணைக் கூசச் செய்கிறது.

அடுத்து இளையான்குடி மாறனார். அடியார்க்குச் சோறிட்ட வேளாளர். வறுமையிலும் வழங்குவாரா என உலகுக்குக் காட்ட, அவர் செல்வத்தைச் சிவனே சுருக்கினான் என்கிறார் சேக்கிழார். மழை கொட்டும் இரவில் அடியார் வேடத்தில் அவனே வந்து நிற்கிறான். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. மனைவியார் சொற்படி, அன்று பகலில் விதைத்த நெல்லை இருளில் வாரி வருகிறார் மாறனார். கூரை வரிச்சை அறுத்து விறகாக்குகிறார். குழியில் முளைத்த கீரை கறியாகிறது.

சாமையும் கேழ்வரகும் விதைக்கும் கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி உழவர்க்குத் தெரியும், விதையைத் தின்பது வருகிற ஆண்டைத் தின்பது என்று. குபேரனை ஏவலாளாகக் கொண்டவனுக்கு ஏழையின் விதைநெல்லா வேண்டும்? முடிவில் தம்பதியரைச் சிவலோகத்துக்கு அழைத்தானாம். நிலத்தில் விதை இல்லை, வீட்டில் கூரை இல்லை. பின் இவ்வுலகில் வாழச் சொல்ல வழிதான் ஏது!

சைவ அன்பர் சொல்லலாம்: "கதை விருந்தோம்பலின் உயர்வைக் காட்டவில்லையா?" காட்டுகிறது, மறுக்கவில்லை. அந்த உயர்வு முழுவதும் மாறனாருடையது, அவர் மனைவியாருடையது. பறித்தவனுக்கு அதில் பங்கேது? 1943இல் சேலத்தில் அண்ணா அவர்களும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் கம்பராமாயணம், பெரியபுராணம் பற்றிச் சொற்போர் நிகழ்த்தியதன் உயிர்நாடியும் இதுவே: கவிச்சுவை என்ற தேனில் குழைத்துத் தரப்படும் கருத்து எது?

இது சைவத்துக்கு மட்டும் வந்த நோயன்று. விவிலியத்தின் யோபு, சோதனைக்காகவே செல்வத்தையும் பிள்ளைகளையும் இழக்கிறான். இறுதியில் புதுப் பிள்ளைகள் பத்துப் பேர் பிறக்கின்றனர். இறந்த பத்துப் பேர் யாருடைய தேர்வுக்கு வினாத்தாள்? அதே விவிலியத்தை நம்பிய பாதிரியார் ஜெசி பிராண்ட் கொல்லிமலையில் பணியாற்றி, 1929இல் காய்ச்சலுக்குப் பலியானார். அவருடைய நம்பிக்கை நமக்கு உடன்பாடன்று. ஆனால், மக்களின் நோயைச் சோதனை என்று பொறுத்துக்கொள்ளச் சொல்லி அவர் நின்றுவிடவில்லை, மருத்துவம் செய்தார். அந்த மனிதத்தை மதிக்கிறோம்.

ஓரியை நாம் தெய்வமாக்கவில்லை. அவனும் போர் செய்த மன்னன். காரியின் கையில் மாண்டான். அவனோடு அவன் கொடையும் மாண்டது. ஒருவனின் ஈகையை நம்பும் வாழ்வுக்கு அதுதான் எல்லை. ஈகை உரிமையாக வளர வேண்டும். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்தில், 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவிட்டனர். காமராசர் 1956இல் மதிய உணவை நாடெங்கும் பரப்பினார்; 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் தொடங்கியது.

அங்கே தட்டை நீட்டும் குழந்தையிடம் யாரும் பதிகம் கேட்பதில்லை, பக்தியை அளப்பதில்லை. சோற்றில் குறையிருப்பின் பெற்றோர் கேள்வி கேட்கலாம். ஆள்வோர் விடை சொல்லியாக வேண்டும். ஆண்டவனைக் கேட்க முடியாத கேள்வி அது!

தோழர்களே! பசித்தவனைக் கண்டால், "சோதனை" என்று சொல்லும் நாவை அடக்குவோம், "யார் செய்த குறை இது?" என்று கேட்கும் அறிவை வளர்ப்போம். பசி தேர்வன்று, தீர்க்க வேண்டிய அநீதி.